அடி என்னும் சொல்

திருவண்ணாமலையில் புதுமனை கட்டும் கொத்தனாரை அணுகி, "வேலை எம்மட்டில் உள்ளது?" என்று வினவினால், "பேஸ்மட்டம் முடிந்தது" என்பார். ஆங்கிலம் கற்றார் சிலர் அதனைக் கேட்டு நகைப்பர். நகைத்தற்கு அதில் யாதுமில்லை. 'பேஸ்மெண்ட்' என்னும் சொல்லின் ஈற்றைச் சமநிலையைக் குறிக்கும் 'மட்டம்' ஆக்கிக்கொண்ட செவி கூரிய செவியே. மேலும், நிலத்தினுள் இடுவதனை அவர் இன்றும் 'கடைக்கால்' என்றே வழங்குகின்றார். அந்நல்ல சொல்லைக் கற்றவர் எழுத்திற் காண்பதுதான் அரிது.

'பேஸ்' என்பதன் மூலம் 'பாசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லாகும். செல்லுதலைக் குறிக்கும் வினையிற் பிறந்த அது, முதலில் காலடி வைத்தலையும், பின்னர்க் கால் நிற்கும் பீடத்தையும் உணர்த்திற்று. இழிந்தது என்னும் பொருளில் ஆங்கிலத்தில் வரும் 'பேஸ்' வேறு சொல். அஃது இலத்தீன் வழிவந்தது. கோயிற் கருவறையைத் தாங்கும் அதிட்டானமோ, நிற்றலைக் குறிக்கும் வடமொழி வேரினது.

நம் 'அடி'யை நோக்குமின். குழந்தை அடியெடுத்து வைக்கின்றது. வழிப்போக்கன் மரத்தடியில் இளைப்பாறுகின்றான். குறள் ஈரடியால் நடக்கின்றது. செல்லுதலும் நிற்றலும் இவ்வொரு சொல்லில் அடங்கின. தாழ்ந்த நிலையைக் கூறும் 'அடிமை'யும், இளங்கோவடிகள் என்புழி உயர்வு காட்டும் 'அடிகள்' என்பதும் இதன் வழியினவே. திருமால் பன்றியாய் அகழ்ந்தும் காணாத அடி என்று இவ்வூர்த் தலவரலாறு பேசுகின்றது. மலைவலப் பாதையில் அடியண்ணாமலை என்றோர் ஊரும் உண்டு. அதனை 'ஆதி' அண்ணாமலை என்பாரும் உளர். பதினொரு நிலைக் கீழைக் கோபுரத்தின் முடியையும் 217 அடி என்று அடியாலன்றோ அளக்கின்றோம்!

பல பொருள் தரும் சொல் தெளிவு தராது. ஆதலின் 'பேஸ்' என்றே எழுதலாம் என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. அவ்வாங்கிலச் சொல்தானும் வேதியியலிற் காரத்தையும், கணக்கில் அடுக்கின் அடிமானத்தையும், படைவீட்டையும் குறிக்கின்றதே! தமிழிலோ அவை ஒவ்வொன்றிற்கும் தனிச்சொல் உண்டு. மாணவர்களே, கட்டுரையில் 'இதன் பேஸ்' என்று எழுத நும் கை விரையுமாயின், சற்றே நிறுத்தி, வேண்டுவது அடிப்படையா, அடித்தளமா, கடைக்காலா என்று தேர்ந்து எழுதுமின். கொத்தனாரின் பேஸ்மட்டத்தை நான் திருத்தப் போவதில்லை.