ஐபிஎல்லுக்கு முன் ஒரு டம்ப்

வடகிழக்குப் பருவமழையும் உலக வங்கிகளின் ஆண்டிறுதிக் கணக்கும் ஒரே மாதங்களில் வருகின்றன. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில். 2015இல் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயலை அடுத்து, டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறிக் கடலூர்ப் புறநகருக்குள் புகுந்தது. நம் வாடிக்கையாளர் நிறுவனங்கள் மாற்றங்களை நிறுத்திவைத்து, ஆண்டுக் கணக்கை முடிக்க நீண்ட பேட்ச் ஓட்டும் பருவமும் இதுதான்.

சென்னையில் தளம் தளமாக உட்கார்ந்து மெயின்ஃப்ரேம் பார்த்துவந்தவர்களில் பலர் 2020 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். அலுவலகம் மறுபடி அழைத்த பிறகும், வாரத்தில் சில நாளாவது மஞ்சக்குப்பத்திலோ அண்ணாமலை நகரிலோ வீட்டு அறையிலிருந்து ஆன்-கால் பார்க்கிறவர்கள் நம் வாசகர்களில் உண்டு. குளிர்காலத்தில் லண்டனில் இரவு 10 மணி என்றால் இங்கே விடியற்காலை 3.30. மின்சாரம் போனால் யுபிஎஸ், பிராட்பேண்ட் போனால் மொபைல் டேட்டா என்று அதற்கான ஏற்பாடுகளை அவரவர் செய்துகொண்டுவிட்டார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதே, அதற்குத்தான் இன்னும் ஏற்பாடில்லை. கன்சோலை எட்டிப் பார்த்து, "அதை கேன்சல் பண்ணாதேப்பா, மொதல்ல யார் புடிச்சிருக்கான்னு பாரு" என்று சொல்லும் சீனியர் அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

சிஸ்டம் மேலே வந்ததும் பிரச்சினை முடிந்தது என்று டிக்கெட்டை மூடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சேவை மீண்டதற்கு ஒரு நேரமும் காரணம் தெரிந்ததற்கு வேறொரு நேரமும் உண்டு. ஒப்பந்தங்கள் முதலாவதை மட்டும் அளப்பதால் நாமும் அதை மட்டுமே அளக்கப் பழகிவிட்டோம்.

நம்மில் யாருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய ஒரு மாதக்கடைசி இரவைப் பார்ப்போம். பேட்ச் நகரவில்லை. இனிஷியேட்டர்கள் காலியாக இருந்தும் ஏழெட்டு ஜாப்கள் டேட்டாசெட்டுக்காகக் காத்திருப்பதாக மெசேஜ் வருகிறது. கன்சோலில் டி ஜிஆர்எஸ்,சி கொடுத்தால் விடை கண்ணெதிரே வந்துவிடும்: மேஜர் நேம் எஸ்ஒய்எஸ்டிஎஸ்என், ஒரு ஜாப் அதை எக்ஸ்க்ளூசிவாகப் பிடித்திருக்கிறது, மற்றவை ஷேர் கேட்டு நிற்கின்றன. பிடித்திருக்கும் ஜாபை கேன்சல் செய்தால் வரிசை நகரும், பிரிட்ஜ் காலில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். டிக்கெட்டில் "ஜாப் கேன்சல் செய்யப்பட்டது, பேட்ச் ஓடுகிறது" என்று ஒரு வரி ஏறும். அடுத்த மாதக்கடைசியில் வேறொரு ஷிஃப்டில் வேறொருவர் அதே ஜாபை கேன்சல் செய்வார்.

கேன்சலுக்கு முன் இரண்டே நிமிடம் செலவிட்டால் கதை வேறு. பத்து ஸ்டெப் உள்ள ஜாப் அது. அந்த டேட்டாசெட் முதல் ஸ்டெப்பிலும் ஒன்பதாவது ஸ்டெப்பிலும் வருகிறது. முதலாவதில் டிஸ்ப் ஓல்ட், ஒன்பதாவதில் ஷேர். இசட்/ஓஎஸ் டேட்டாசெட் என்க்யூவை ஸ்டெப்புக்கு ஸ்டெப் எடுப்பதில்லை. டெட்லாக்கைத் தவிர்க்க, ஜாப் தொடங்கும்போதே தேவையான எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. எந்த ஸ்டெப்பிலாவது ஓல்ட் இருந்தால் தொடக்கத்திலிருந்தே எக்ஸ்க்ளூசிவ்தான். அந்த டேட்டாசெட்டைப் பயன்படுத்தும் கடைசி ஸ்டெப் முடியும்வரை விடாது. இடையில் உள்ள ஏழு ஸ்டெப் அதைத் தொடவே இல்லை என்றாலும் கணக்கு அதுதான். ஐஎஸ்பிஎஃப்பில் ஜேசிஎல் லைப்ரரியின் மெம்பர் பட்டியலைத் திறந்தால், கடைசியாக மாற்றியவரின் ஐடியும் தேதியும் பக்கத்திலேயே இருக்கும். ஏதோ ஒருநாள் ரீலோடுக்காக ஷேரை ஓல்டாக மாற்றியவர் திருப்பி வைக்க மறந்திருக்கிறார். எஸ்எம்எஃப் 30 ரெக்கார்டுகளைப் பார்த்தால் அந்தத் தேதிக்கு முன் இந்த மோதலே இல்லை என்பதும் உறுதியாகும். ஒரு சொல்லைத் திருத்தினால் தீரும், அல்லது ஜாபை இரண்டாகப் பிரிக்கலாம், அல்லது இசட்/ஓஎஸ் 2.1 முதல் கிடைக்கும் என்க்யூ தளர்த்தும் வசதியை அந்த ஜாப் கிளாஸுக்கு அனுமதிக்கலாம். மூன்றில் எது என்று முடிவுசெய்யக் காரணம் கையில் இருக்க வேண்டும். கேன்சல் செய்தவரிடம் அது இல்லை.

சாட்சியம் அழிந்துவிடும் வகைச் சிக்கல்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. சிஸ்டம் உறைந்து நிற்கிறது. மேலாளர் "உடனே ஐபிஎல்" என்கிறார். ஐபிஎல் அடித்த மறுகணம் நினைவகத்தில் இருந்தது அத்தனையும் போயிற்று. சிஸ்டம் கட்டளைக்குப் பதில் சொல்கிறது என்றால் சந்தேகத்துக்குரிய அட்ரஸ் ஸ்பேஸுக்கு ஓர் எஸ்விசி டம்ப் எடுக்கலாம். பதிலே இல்லை என்றால் ஸ்டாண்ட்-அலோன் டம்ப். அதற்குப் பிடிக்கும் நிமிடங்களுக்கு அனுமதி வாங்க வேண்டிய நேரம் விடியற்காலை 3.30 அல்ல. அந்த முடிவு வாடிக்கையாளருடன் முன்கூட்டியே பேசி எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். சில வெயிட் ஸ்டேட்களுக்கு டம்ப் எடுத்துத் தானே மறுபடி ஐபிஎல் ஆகும் ஆட்டோஐபிஎல் வசதி பார்ம்லிபின் டயாக் மெம்பரில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை ஒருமுறை அமைத்துச் சோதித்துவிட்டால் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞர் பிரிட்ஜ் காலில் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. மறுபடி வரும் என்று தெரிந்த அபெண்டுக்கு ஸ்லிப் டிராப் போட்டு வைப்பதும் இதே வகை முன்னேற்பாடுதான்.

"காரணம் பிறகு பார்ப்போம், முதலில் பழைய நிலைக்குத் திரும்புவோம்" என்பதற்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதற்கு 2012 ஜூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் இல்லை. அந்த மாதம் 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பேட்ச் ஷெட்யூலர் மென்பொருள் மேம்படுத்தப்பட்டது. மறுநாள் சில கோளாறுகள் தென்பட்டன. செவ்வாய்க்கிழமை அந்த மேம்பாட்டை அகற்றிப் பழைய பதிப்புக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள், அப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று சோதிக்காமலே. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒத்துப்போகவில்லை. நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளும் சேர்த்து பிரிட்டனில் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சம்பளம் ஏறவில்லை, இருப்பு தெரியவில்லை. அல்ஸ்டர் வங்கி வாடிக்கையாளர்களுக்கு ஜூலை பிறந்த பிறகும் சிரமம் நீடித்தது. 2014 நவம்பரில் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு.

மேம்பாட்டில் கோளாறு வருவது எந்த நிறுவனத்திலும் நடக்கும். அங்கே கோளாறைப் பேரிடராக்கியது பேக்-அவுட். அதுவும் ஒரு சேஞ்ச்தான், அதற்கும் சோதனை வேண்டும் என்பதை அவசரத்தில் எவரும் மறந்துவிடலாம். நம் சேஞ்ச் படிவங்களில் பேக்-அவுட் பிளான் என்ற கட்டத்தில் பெரும்பாலும் என்ன எழுதுகிறோம்? "பழைய லைப்ரரியை மீட்டெடுத்தல்." புதிய பதிப்பு ஒரு நாள் ஓடி டேட்டாபேஸையோ செக்பாயின்ட்டையோ தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பழைய லைப்ரரி அதைப் படிக்குமா என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் இருப்பதில்லை. பிடிஎஃப் போடும்போது எஸ்எம்பி/இ ஹோல்ட்டேட்டாவைப் படிக்காமல் பைபாஸ் கொடுக்கும் கைகளுக்கும் இது பொருந்தும்.

நம் மாநிலத்துக்கு இந்தத் துறையில் நீண்ட பழக்கம் உண்டு. சென்னை ஐஐடியில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 வந்தது 1973இல். காந்த வளைய நினைவகம் கொண்ட இயந்திரம் அது. 80 பத்தி அட்டைகளில் புரோகிராம் துளைத்துக் கொடுத்துவிட்டு அச்சுத் தாளுக்குக் காத்திருந்த காலம். ஒரு பிழைக்கு ஒரு சுற்று காத்திருக்க வேண்டும் என்பதால், அட்டையைக் கொடுக்கும் முன்பே தாளில் யோசித்து முடித்துவிடுவார்கள். ஐந்தாண்டுகளில், அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பங்குமூலதன வரம்பை ஏற்க மறுத்து, ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டே கிளம்பியது. இயந்திரங்கள் மட்டும் இங்கேயே நின்றன. பராமரிப்பை அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், அதாவது சிஎம்சி, ஏற்றது. ஐபிஎம் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பிவர 1992 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் தயாரித்தவரின் தினசரித் துணை இல்லாமல் கையேட்டையும் சர்க்யூட் படத்தையும் கன்சோல் தாளையும் வைத்துக்கொண்டு அந்த இயந்திரங்களை ஓட்டியவர்கள் நம் தொழிலின் முன்னோடிகள். ஆனால் அவர்கள் தீர்த்த சிக்கல்களில் எத்தனை எழுத்தில் நிற்கின்றன? தீர்த்தவர்கள் ஓய்வுபெற்றபோது தீர்வுகளும் அவர்களோடு போய்விட்டன.

வெளிநாட்டில் இதே தலைமுறை வேறு வழியில் போயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து ஐபிஎம் பயனர்கள் 1955இலேயே ஷேர் என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் புரோகிராம்களையும் அனுபவங்களையும் பகிர்ந்துகொண்டார்கள். கனெக்டிகட் பேங்க் அண்ட் டிரஸ்ட் என்ற வங்கியின் பெயரில் 1975இல் தொடங்கிய சிபிடி டேப் இன்றும் நம்மில் பலர் இறக்கிப் பயன்படுத்தும் கருவிகளின் களஞ்சியம். 1983இல் ஐபிஎம் ஆப்ஜெக்ட் கோடு மட்டுமே என்ற கொள்கையை அறிவித்து, சோர்ஸைப் படித்து விடை காணும் வழியைப் படிப்படியாக அடைத்தபோதும் அவர்களிடம் ஒருவர் குறிப்பை ஒருவர் படிக்கும் பழக்கம் மிஞ்சியிருந்தது. நமக்கு அந்தப் பழக்கத்தின் பலன் கிடைத்திருக்கிறது, பங்களிப்புதான் குறைவு.

எனவே இந்த இதழிலிருந்து ஒரு நடைமுறையை முன்வைக்கிறோம். ஒவ்வொரு பெரிய சிக்கலும் முடிந்த பிறகு ஒரு பக்கத்துக்கு மிகாமல் நான்கு பகுதி எழுதுங்கள். முதலாவது, கண்ட அறிகுறி: மெசேஜ் ஐடி, கோடு, நேரம், எந்த எல்பார். இரண்டாவது, எடுத்துவைத்த சாட்சியம்: டம்ப், லாக்ரெக், சிஸ்லாக் துண்டு, அவை எந்த டேட்டாசெட்டில் இருக்கின்றன. மூன்றாவது, சந்தேகப்பட்டுத் தள்ளிவைத்தவை: எதை நினைத்தோம், எந்தச் சான்று அது இல்லை என்றது. நான்காவது, காரணமும் அதை உறுதிசெய்த விதமும். பலர் மூன்றாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள். தவறான ஊகத்தை எழுதினால் மதிப்புக் குறையும் என்ற கூச்சம். அடுத்த முறை அதே அறிகுறியோடு தனியாக உட்காரப்போகிறவருக்கு அதிகம் உதவுவது அந்தப் பகுதிதான். சீனியர் பக்கத்தில் இருந்தபோது நாம் கற்றதும், எதை விட்டுவிடுவது என்று அவர் முடிவெடுத்த விதத்தைத்தான்.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் 1945இலிருந்து கற்பிக்கப்படுகிறது. சிதம்பரத்தில் படிக்கும் மாணவர் மெயின்ஃப்ரேமைத் தொட்டுப் பார்க்கக் கோடிக்கணக்கில் செலவு தேவையில்லை. ஹெர்குலிஸ் எமுலேட்டரையும் எம்விஎஸ் 3.8ஜே அடங்கிய டிகே5 தொகுப்பையும் சாதாரண மடிக்கணினியில் இலவசமாக ஓட்டலாம். 24 பிட் முகவரியும் 16 எம்பி எல்லையும் கொண்ட பழைய சிஸ்டம்தான். ஆனால் அதில் வேண்டுமென்றே ஓர் எஸ்0சி7 வரவழைத்து, பேக்டு டெசிமல் புலத்தில் வெற்றிடம் புகுந்ததால் குறியீட்டு இடத்தில் 0 நிற்கிறது என்பதை டம்பில் விரல் வைத்துக் காட்ட முடிந்தவருக்கு இன்றைய இசட்/ஓஎஸ் அந்நியமாக இருக்காது. ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் தளமும் மாணவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இருக்கும் வாசகர்கள் ஆன்-கால் இல்லாத ஒரு சனிக்கிழமை கல்லூரிக்குப் போய் ஒரே ஒரு டம்பை மாணவர்களோடு உட்கார்ந்து படித்தால் போதும், தொடக்கமாக.

அவசரம் ஏன் என்பவர்களுக்கு ஒரு தேதி. நம் இயந்திரங்களின் டிஓடி கடிகாரம் 1900 ஜனவரி 1இலிருந்து எண்ணுகிறது. பழைய 64 பிட் வடிவத்தில் அது நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும் நாள் 2042 செப்டம்பர் 17. நீட்டிக்கப்பட்ட வடிவம் வந்து நெடுங்காலமாகிறது. இருந்தும், எஸ்டிசிகே கட்டளையின் எட்டு பைட்டை அப்படியே ஃபைலில் எழுதிவைக்கும் புரோகிராம்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடித் திருத்தப்போகிறவர்கள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். யார் எதற்காக அப்படி எழுதினார்கள் என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல நம்மில் பெரும்பாலோர் பணியில் இருக்க மாட்டோம். நம் குறிப்புகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாசகர்கள் தாங்கள் தீர்த்த ஒரு சிக்கலை, வாடிக்கையாளரின் பெயர், கணக்கு எண், டேட்டாசெட் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மேலே சொன்ன நான்கு பகுதியாக எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள். கலைச்சொல் தேடி மெனக்கெட வேண்டாம், ஷிஃப்டில் பேசுகிற தமிழே போதும். தீராத சிக்கலாக இருந்தாலும் அனுப்பலாம். மூன்றாவது பகுதியோடு நின்றுபோன குறிப்பை நாலாவதுவரை கொண்டுபோகத் தெரிந்தவர் வேறொரு வாசகராக இருக்கக்கூடும். அடுத்த இதழ் முதல் அவற்றுக்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம்.