பகிர்வே காவல்

நுழையும்முன்

களவு போன வீட்டார் வாய்மூடி இருந்தால், அடுத்த வீட்டார் கதவைத் தாழிட நினைக்கமாட்டார். இணையவெளியிலும் இதுவே நிலை. தாக்குதலுக்கு உள்ளான நிறுவனம் அதனை மறைக்கலாமா? அரசும் தனியாரும் எதனை, எவ்வாறு பகிர்ந்துகொள்ள வேண்டும்? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

வயல் தரும் பாடம்

2018ஆம் ஆண்டு அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து, தமிழக மக்காச்சோள வயல்களையும் தாக்கியது. திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டி போன்ற வேளாண் சிற்றூர்களில், ஒருவர் தம் வயலில் புழுவைக் கண்டால் அது அவருடைய இழப்பு மட்டுமன்று. பக்கத்து வயலுக்கும் எச்சரிக்கை. அவர் அண்டை உழவர்க்கும் வேளாண்மை அலுவலர்க்கும் உடனே கூறினால் பலருடைய விளைச்சல் தப்பும். மறைத்தால் புழுவே வெல்லும்.

வங்கியில் நுழைந்த கள்வர்

அதே 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. பன்னாட்டு வங்கிகளுக்கிடையே பணப்பரிமாற்ற ஆணைகளைக் கொண்டு செல்லும் 'ஸ்விஃப்ட்' அமைப்பின் வழியே, மூன்று பொய்யான ஆணைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 20 இலட்சம் டாலர். அவற்றுள் 5 இலட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டது. பரிமாற்றங்களுக்குரிய ஒப்புகைச் செய்திகள் வங்கியாரின் கண்ணில் படாதவாறு, அவற்றை அச்சிடும் பொறியும் முடக்கப்பட்டிருந்தது.

இவ்வுத்தி புதிதன்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டாலர் களவாடப்பட்டபோதும் இதே அமைப்பின் வழியேதான் பொய்யாணைகள் சென்றன. அங்கும் அச்சுப்பொறி செயலிழந்து கிடந்தது. உலகமே அறிந்த ஓர் உத்தி ஈராண்டு கழித்து மற்றொரு வங்கியிலும் பலித்தது எனின், செய்தி பரவுவது மட்டும் போதாது என்பது தெளிவு. அச்செய்தி, ஒவ்வொரு நிறுவனமும் உடனே செயற்படுத்தத்தக்க எச்சரிக்கையாக மாற வேண்டும்.

சட்டமும் நம்பிக்கையும்

இந்தியாவில் இப்பணிக்கென 2004ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது, கணினி அவசரநிலைகளை எதிர்கொள்ளும் 'செர்ட்-இன்' என்னும் அரசு அமைப்பு. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்வமைப்பு ஆணையிட்டது. வங்கிகள் தமக்குள் எச்சரிக்கைகளைப் பகிர்ந்துகொள்ள ஐதராபாத்தில் 2014ஆம் ஆண்டே தனி மையம் தொடங்கப்பட்டது.

ஆணை இன்றியமையாதது. எனினும் ஆணையால் மட்டும் வாய் திறக்கச் செய்ய இயலாது. தாக்குதல் வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர் நம்பிக்கை இழப்பர், போட்டியாளர் பயன்பெறுவர், அரசு தண்டிக்கும் என்னும் அச்சம் நிறுவனங்களுக்கு உண்டு. இவ்வச்சத்தைப் புறந்தள்ள இயலாது. நல்லெண்ணத்துடன் எச்சரிக்கை பகிரும் நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டத்தை அமெரிக்கா 2015ஆம் ஆண்டு இயற்றியது இதனை உணர்ந்தே.

தெரிந்து தெளிவோம்

இணைய நிதி மோசடிக்கு உள்ளானவர் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் அளிக்கலாம். காவல்துறையும் வங்கிகளும் இணைந்து செயல்படுவதால், பணம் கைமாறும் முன் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

எதனைப் பகிர்வது?

பகிர்தல் என்றவுடன், மக்களின் அந்தரங்கத் தகவல்கள் அரசின் கைக்குப் போய்விடுமோ என்னும் ஐயம் எழுகிறது. இவ்வையமும் நியாயமானதே. ஆயின் எச்சரிக்கைக்குத் தேவைப்படுபவை தாக்குதல் வந்த இணைய முகவரி, தீநிரலின் அடையாளம், கள்வர் கையாண்ட வழி ஆகியவையே. வாடிக்கையாளரின் பெயரோ கணக்கு விவரமோ இதற்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. திருடன் வந்த வழியை ஊருக்குச் சொல்ல, வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமா?

அரசின் கடமை கேட்டுப் பெறுவதோடு முடிவதில்லை. பெற்ற தகவலை ஆராய்ந்து, அளித்தவர் பெயரை மறைத்து, எளிய மொழியில், சில மணி நேரத்திற்குள் பிறர்க்குத் திருப்பித் தருதல் வேண்டும். மேல்நோக்கி மட்டுமே செல்லும் தகவல் கோப்பாகும். திரும்பி வரும் தகவலே காவலாகும். பெரிய வங்கிகள் வல்லுநர்களை அமர்த்திக்கொள்ளும். சிற்றூர்க் கூட்டுறவுச் சங்கத்திற்கும் சிறு வணிகருக்கும் அவ்வசதி இல்லை. பிறர் பகிரும் எச்சரிக்கையே அவர்களுக்கு அரண்.

தாக்கப்படுவது இழிவன்று, தாக்கப்பட்டதை மறைத்து அடுத்தவரையும் தாக்கப்படவிடுவதே இழிவு. நிறுவனங்கள் அச்சமின்றிச் சொல்லவும் அரசு காலந்தாழ்த்தாது பகிரவும் முன்வந்தால், தொப்பம்பட்டி உழவர் தம் கைப்பேசியில் பெறும் விளைபொருளின் விலையும் பாதுகாப்பாக அவர் கணக்கைச் சேரும்.