மை அப்பும் தாள்களும் மலைநாட்டு ஈரமும்



இம்மாதம் நமது பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று லிந்துலையிலிருந்து வந்தது. வீட்டில் ஒரு சிறிய பிரின்டரை வைத்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் அச்சிட்டுக் கொடுக்கிறாராம் அந்தச் சகோதரி. அதில் கிடைக்கும் காசு வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கிறது. "மே மாதத்திலிருந்து எழுத்தெல்லாம் இழுபடுகிறது. கைபட்டால் கறுப்பாக அப்புகிறது. பிள்ளைகளின் உம்மாமார் தாளைத் திருப்பித் தருகிறார்கள். கடையில் கேட்டால், ஹெட் போய்விட்டது, புதிய மெஷின் வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம், சகோதரி! குறைந்தபட்சம் இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை வாங்க வேண்டாம். "மே மாதத்திலிருந்து" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஹெட் என்பது மையைத் துளித்துளியாகத் தாளில் தெளிக்கும் பாகம். அதில் அடைப்பு ஏற்பட்டால் எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு விழும். ஏதாவது ஒரு நிறம் வராமல் போகும். எழுத்து முழுமையாக விழுந்து, அதன்பிறகு அப்பினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹெட்டை அல்ல, தாளை.

இந்த வகைப் பிரின்டரில் ஊற்றும் மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். 1977ஆம் ஆண்டில் ஜப்பானின் கெனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், சூடாயிருந்த ஈயப்பற்றுக் கோல் ஒன்று மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட, ஊசிமுனையிலிருந்து மை தெறித்ததாம். சூட்டினால் மையில் குமிழி உண்டாகி அது துளியை வெளியே தள்ளும் முறை அங்கே அப்படித்தான் பிறந்தது. (அடுக்களையில் தினமும் எண்ணெய் தெறிப்பதைப் பார்க்கும் நமக்கு இது பெரிய அதிசயமில்லை!) சூட்டினால் தள்ளினாலும் வேறு விதத்தில் தள்ளினாலும், அந்தத் துளியிலுள்ள தண்ணீரைத் தாள் உறிஞ்ச வேண்டும், மிச்சம் காற்றில் காய வேண்டும். தாளும் ஈரம், காற்றும் ஈரம் என்றால் மை எங்கே போகும்? மேலேயே நிற்கும். கைபட்டால் அப்பும்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை லிந்துலை, தலவாக்கலை, அக்கரபத்தனைப் பக்கம் தென்மேல் பருவமழையும் மூடுபனியும் எப்படியிருக்கும் என்பதை அங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாத காலம். துணிக்கு நேர்வது தாளுக்கு நேராதா?

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 80 கிராம் தரத்திலான ஏ4 தாள் 500 கொண்ட ஒரு கட்டின் எடை சுமார் இரண்டரைக் கிலோ. நல்ல நிலையிலேயே அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு ஈரம் இருக்கும். மிக ஈரமான காற்றில் கட்டைப் பிரித்து வைத்தால் அது இரட்டிப்பாகவும் கூடும். அதாவது, ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு தண்ணீரை அந்தக் கட்டு சத்தமில்லாமல் குடித்துவிடும்! ஈரம் குடித்த தாள் நெளியும். நெளிந்த தாள் உள்ளே போகும்போது மேலெழும்பி, ஓடிக்கொண்டிருக்கும் ஹெட்டில் உரசும். தாளின் ஓரங்களில் மட்டும் கறை விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதைச் சோதிப்பது எளிது. இதுவரை பாவிக்கும் கட்டிலிருந்து ஒரு தாள் எடுங்கள். அதே வகைத் தாளில், உறை பிரிக்காத புதிய கட்டிலிருந்து இன்னொன்று எடுங்கள். ஒரே பக்கத்தை இரண்டிலும் அச்சிட்டு, ஒரு நிமிடம் கழித்து உலர்ந்த விரலால் தேயுங்கள். பழையது அப்பி, புதியது அப்பாவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். புதிய மெஷினுக்கான காசு மிச்சம்.

தாளை எப்படிக் காப்பது? உங்கள் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலைகளிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. தேயிலையை நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் அளவுக்குக் காயவைத்து, காற்றுப் புகாத உட்பூச்சுள்ள பைகளில் அடைக்கிறார்கள். சும்மா வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான். தாளும் அப்படியே. கட்டு முழுவதையும் பிரிக்காதீர்கள். ஐம்பது, அறுபது தாள் எடுத்ததும் உறையை மடித்து, தடித்த பொலிதீன் பையிலிட்டு வாயை இறுகக் கட்டி, மூடியுள்ள பெரிய பிஸ்கட் டின்னில் படுக்கை வாட்டில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் சிறு சிலிக்கா பொட்டலங்களை எறியாமல் அதில் போட்டு வைக்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீமெந்துத் தரையிலும் சுவரோரத்திலும் கட்டை வைக்கக் கூடாது. பிரின்டரின் தட்டில் தாளை இரவெல்லாம் விட்டு வைப்பதும் வேண்டாம்.

சிலர் ஈரத்தைப் போக்க அடுப்படியில் வைப்பார்கள். அது கூடவே கூடாது. ஒரு பக்கம் காய்ந்து சுருளும், கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். நெளிந்த தாள்களை வெயில் வந்த நாளில் வீட்டுக்குள்ளேயே பரப்பி ஒரு மணிநேரம் உலர்த்தி, பிறகு கனமான பலகையின் கீழ் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. நெளிந்தது என்பதற்காக நூறு தாளைக் குப்பையில் போட மனம் வருமா?

தாள் உலர்ந்திருந்தும் அப்பினால், அடுத்துப் பார்க்க வேண்டியது கணினியில் தாளின் வகை என்னவென்று குறித்திருக்கிறது என்பது. யாரோ ஒருநாள் புகைப்படம் அச்சிட "போட்டோ பேப்பர்" என்று மாற்றியிருப்பார்கள்; அதைத் திருப்பி மாற்றியிருக்க மாட்டார்கள். சாதாரணத் தாளில் தேவைக்கு அதிகமாக மை கொட்டும். "பிளேன் பேப்பர்" என்று மாற்றுங்கள். வினாத்தாளுக்கு உயர்தர அச்சும் தேவையில்லை. "டிராஃப்ட்" போதும், மையும் மிச்சம், சீக்கிரமும் காயும்.

கறை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் விழுகிறதா? அப்படியானால் தாளை இழுக்கும் உருளையில் மை ஒட்டியிருக்கிறது. உருளை ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் முத்திரை குத்துகிறது. எதுவும் அச்சிடாமல் வெற்றுத்தாளை, கறை நிற்கும்வரை நாலைந்து தடவை ஓடவிடுங்கள். பல பிரின்டர்களில் உருளையைச் சுத்தம் செய்யவென்றே ஒரு கட்டளை இருக்கும். அதற்கும் போகாவிட்டால் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை லேசாக ஈரப்படுத்தித் துடையுங்கள். தின்னர், பெற்றோல் எதுவும் வேண்டாம், இறப்பர் கெட்டுவிடும். உள்ளே குறுக்காக ஓடும் மெல்லிய கண்ணாடி போன்ற பட்டியைத் தொடவே தொடாதீர்கள். ஹெட் எங்கே நிற்கிறது என்று மெஷின் அறிவது அதைப் பார்த்துத்தான்.

ஹெட்டைச் சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் வீண். ஒவ்வொரு முறையும் நல்ல மை கழிவாகப் போகிறது. தவிர, அப்புவதற்கு அது மருந்தே அல்ல.

இத்தனையும் செய்தும், தாள் வெளிவரும்போதே சொட்டுச் சொட்டாக மை விழுந்தால் மட்டும் கடைக்குக் கொண்டு போங்கள். மீள்நிரப்பிய கார்ட்ரிட்ஜ் கசிந்திருக்கலாம். கழிவு மை சேரும் பஞ்சு நிறைந்திருக்கலாம். போகும்போது இரண்டு தாள்களிலும் செய்த சோதனையைக் கையோடு கொண்டு போங்கள். அதைப் பார்த்த பிறகு "புதிது வாங்குங்கள்" என்று சொல்ல யாரும் சற்று யோசிப்பார்கள்.

இன்னுமொன்று. மழையில் நனைந்தால் கரைகிற மையும் இருக்கிறது, அவ்வளவாகக் கரையாத மையும் இருக்கிறது. சாயமாகக் கரைந்திருக்கும் மை தண்ணீர் பட்டால் ஓடும். நுண்துகளாகக் கலந்திருக்கும் மை காய்ந்தபின் தாங்கும். பல வீட்டுப் பிரின்டர்களில் கறுப்பு மட்டும் இரண்டாவது வகை. வண்ணங்கள் முதல் வகை. போத்தலில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். புத்தகப் பையோடு மழையில் நடக்கும் பிள்ளைக்கு வினாத்தாள் கொடுப்பதென்றால் ஒரு பிரதியை வீட்டில் அச்சிட்டு, மற்றவற்றை கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பது நல்லது. அந்த மெஷினில் இருப்பது மையல்ல, தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீருக்கு அசையாது.

பரீட்சை அனுமதி அட்டை போன்றவற்றை வீட்டில் அச்சிடுவோர் அதற்கும் ஒரு போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட கையோடு பிளாஸ்டிக் உறைக்குள் திணித்தால் மை உறையில் ஒட்டி, இலக்கமெல்லாம் அழிந்துவிடும். ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் காலையில் உறையில் இடுங்கள்.