மாறும் முன் ஒரு கேள்வி



நெல்லையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகன், "கூட்டத்தில் ஒருத்தனா இருக்கேன், என் பேர் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர்கூட இல்லப்பா" என்று சொல்லி, சிறிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறத் துடித்தான். அவன் ஆதங்கம் நியாயமானதுதான். விசாரிக்கப் போனேன். கட்டணம், விடுதி, பேருந்து எல்லாம் பளிச்சென்று சொன்னார்கள். "முடித்த பாடங்களில் எத்தனையை ஏற்பீர்கள்?" என்றதும், "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்றார்கள்.

1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளுக்கிடையே மாறினால் பாடத்திட்டம் பெரும்பாலும் ஒத்துப்போகும். தனியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமே வேறு. முடித்த பாடங்களுக்கான கல்வி அலகுகளைச் (கிரெடிட்) சேமிக்க 2021-இல் கல்வி அலகு வங்கி வந்துவிட்டது. ஆனால் சேமிப்பில் இருப்பதை ஏற்பது சேரும் நிறுவனத்தின் கையில் அல்லவா இருக்கிறது!

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் அருவியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதானே துண்டை எடுக்கிறோம்? கல்லூரி மாறும் முன் கேட்பதும் அப்படித்தான். மகனும் இந்தப் பருவத்தேர்வு முடியட்டும் என்று பொறுத்திருக்கிறான். ஏற்கும் பாடங்களின் பட்டியலைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு கட்டாயமாக்கட்டும்.

– ஒரு தந்தை, மேலகரம், தென்காசி.