திருவிழா வீடியோ டி.வி-யில் திக்கித் திணறுகிறதா?

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா என்றால், தேனி மாவட்டத்துக்கே திருவிழாதான். முல்லையாற்றில் குளித்துவிட்டு, தீச்சட்டியும் ஆயிரம் கண் பானையும் எடுத்து வருகிறவர்களைச் சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்து நிற்கும். வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள் கிளம்புவதற்குள், எடுத்த வீடியோக்களை எல்லோரும் சேர்ந்து டி.வி-யில் பார்த்துவிட வேண்டும் என்பதும் இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

சிக்கல் அங்கேதான். டி.வி-யோடு ஹெச்.டி.எம்.ஐ கேபிளில் இணைந்திருப்பது, பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா லேப்டாப்பாகவோ, பழைய மினி கம்ப்யூட்டராகவோ இருக்கும். அதில் பழைய சினிமா நன்றாக ஓடும். போனில் எடுத்த வீடியோ மட்டும் நின்று நின்று ஓடும்; சத்தம் முன்னால் போகும், படம் பின்னால் வரும். உடனே 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று வீடியோவை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. 'லேப்டாப் போச்சு' என்று புதிது வாங்கக் கிளம்புகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை.

காரணம் என்ன?

வீடியோவை அப்படியே சேமித்தால் இடம் போதாது. அதனால் போன் அதைச் சுருக்கிச் சேமிக்கிறது. அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-ல் வந்த ஹெச்.264 முறை எல்லாக் கருவிகளுக்கும் பழக்கமானது. 2013-ல் வந்த ஹெச்.265 (ஹெச்.இ.வி.சி என்பதும் இதுதான்), அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம்தான் எடுக்கும். புதிய போன்கள் பலவும் இந்த முறையில்தான் பதிவு செய்கின்றன.

சுருக்கியதை விரிக்க வேண்டியது கம்ப்யூட்டர். இதற்கென்றே தனிப் பகுதி அதன் சிப்பில் இருந்தால் வேலை சுலபம். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011-ல். அந்த ஆண்டு வந்த லேப்டாப்பின் சிப்புக்கு, இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஹெச்.265 எப்படித் தெரியும்? அப்போது மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். 4கே வீடியோவில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஏறக்குறைய 25 கோடி புள்ளிகள். சிறிய பிராசஸர் திணறாமல் என்ன செய்யும்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. அதே வீடியோவைப் போனில் ஓட்டிப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால், ஃபைல் கெடவில்லை.

2. வீட்டு வைஃபை வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால், வீடியோவை லேப்டாப்பிலேயே காப்பி செய்து ஓட்டுங்கள். இப்போது சரியாக ஓடினால், குறை வைஃபையில்தான்.

3. வி.எல்.சி பிளேயரில் ஓட்டும்போது கன்ட்ரோல், ஜே பட்டன்களைச் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் என்ற இடத்தில் ஹெச்.இ.வி.சி அல்லது ஹெச்.265 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

4. வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சி.பி.யு 100 சதவிகிதத்தை ஒட்டியே நின்றால், சுமை எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும்.

முதல் சில நிமிடங்கள் நன்றாக ஓடி, பிறகு திக்க ஆரம்பித்தால் சூட்டையும் சந்தேகப்படுங்கள். சித்திரை வெயிலில், காற்றுப் புகாத டி.வி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்த கம்ப்யூட்டர், சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளியே எடுத்து வைத்து, ஃபேன் பகுதியில் உள்ள தூசியைத் தட்டுங்கள்.

என்ன செய்யலாம்?

செலவே இல்லாத வழி, பென் டிரைவில் வீடியோவை ஏற்றி நேராக டி.வி-யிலேயே செருகுவது. சமீப ஆண்டுகளில் வந்த 4கே டி.வி-க்கள் பெரும்பாலும் ஹெச்.265-ஐத் தாமே விரித்துவிடும். லேப்டாப்புக்கு வேலையே இல்லை. ஒரே ஃபைல் 4 ஜி.பி-க்கு மேல் போனால், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஏறாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும் என்றால், அதன் தலைமுறையைப் பாருங்கள். இன்டெல்லில் 2015-ல் வந்த 6-ம் தலைமுறையிலிருந்து ஹெச்.265-க்கான வசதி சிப்பிலேயே இருக்கிறது, ஹெச்.டி.ஆர் வீடியோவுக்கு வேண்டிய 10 பிட் வசதிக்கு 7-ம் தலைமுறையாவது வேண்டும். வசதி இருந்தும் திக்கினால், கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்துவிட்டு, வி.எல்.சி செட்டிங்ஸில் 'ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிடப் பழைய லேப்டாப் என்றால், 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் வீடியோவை 1080பி அளவில் ஹெச்.264-ஆக மாற்றிக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பிலேயே மாற்றினால் மணிக்கணக்கில் ஆகும். உறவினர் யாரிடமாவது வேகமான கம்ப்யூட்டர் இருந்தால், வேலை சீக்கிரம் முடியும்.

அடுத்த விழாவுக்கு முன்பே போனில் ஒரு செட்டிங்கை மாற்றிவிடலாம். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமரா செட்டிங்ஸில் 'ஹை எஃபிஷியன்சி வீடியோ' என்று இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். போனில் கூடுதல் இடம் பிடிக்கும் என்பதால், முதல் நாளே கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள்.

எதைச் செய்தாலும், போனில் எடுத்த மூல வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள். மாற்றிய காப்பியில் தரம் கொஞ்சம் குறையும். குறைந்தது திரும்ப வராது. ஒரு காப்பியை ஹார்டு டிஸ்க்கிலும் இன்னொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். லேப்டாப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஆண்டு அப்பத்தா தீச்சட்டி எடுத்ததை மறுபடி எடுக்க முடியாது.