ஒலி ஒத்தால் உறவாகுமா?

நம் மன்ற மேடையில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பெருகி வருகிறது. ஆங்கிலச் சொல் ஒன்றை எடுப்பது. அதன் தலையையோ வாலையோ நறுக்குவது. ‘இதுவும் தமிழே’ என்று முழங்கிக் கைதட்டல் பெறுவது. சென்ற மாதம் அகப்பட்டது ‘கோ’ என்னும் வினை. போதலைக் குறிக்கும் அச்சொல், நம் ‘ஏகு’ என்பதில் ஏகாரம் கெட்டுப் பிறந்ததாம்! தமிழ்ப்பற்றில் நான் எவருக்கும் இளைத்தவன் அல்லன். ஊரைவிட்டுத் தில்லிக்கு வந்தபின் அப்பற்று வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. ஆயினும் அன்று கைதட்ட எனக்குக் கை எழவில்லை.

அச்சொல்லின் உண்மைக் கதைதான் என்ன? பழைய ஆங்கிலத்தில் அது ‘கான்’ என வழங்கியது. செருமானிய மொழியும் டச்சு மொழியும் அதன் உடன்பிறப்புகளை இன்றும் வைத்திருக்கின்றன. அதன் இறந்தகால வடிவமோ ‘ஏயொடெ’ என்னும் வேறொரு வேர்ச்சொல். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது மறைய, திரும்புதலைக் குறித்த ‘வெண்டு’ என்னும் வினையின் இறந்தகாலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘ஸெண்டு’ என்பது ‘ஸென்ட்’ ஆவதுபோல, ‘வெண்டு’ என்பது ‘வென்ட்’ ஆயிற்று. போகிறவன் ஒரு குடும்பம், போனவன் வேறு குடும்பம்! இதைக் கண்டு நகைக்க வேண்டா. நாள்தோறும் நம் காதில் விழும் இந்தியிலும் ‘ஜானா’ ஒரு வேர், ‘கயா’ மற்றொரு வேர்.

இனி ஒரு வேடிக்கை. தமிழில் ‘கோ’ அரசன். வடமொழியில் ‘கோ’ பசு. ஆங்கிலத்தில் ‘கோ’ போ. எழுதினால் மூன்றும் ஒன்று. பிறப்பால் மூன்றும் வேறு. வடமொழிப் பசுவுக்கு உறவு ஆங்கிலத்தில் பசுவைக் குறிக்கும் ‘கௌ’. போதலைக் குறிக்கும் ‘கம்’ என்னும் வடமொழி வேருக்கு உறவு எது தெரியுமா? வருதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்! வடமொழியில் மெலிந்தொலிக்கும் ககரம் ஆங்கிலத்தில் வலிந்தொலிக்கும். நுகத்தைக் குறிக்கும் ‘யுகம்’ அங்கே ‘யோக்’ ஆனதும் இவ்வாறே. இத்தகைய ஒலிமாற்றங்களை ராஸ்க் 1818இலும் கிரிம் 1822இலும் வகுத்துக் காட்டினர். ஒரு சொல் ஒத்தது என்பது சான்றன்று. ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காக வரவேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவு பொருந்தியதென்று முடிவு எழுதினால் நம் பேராசிரியர்கள் விடுவார்களா?

பொருள் ஒப்புமையும் ஏமாற்றும். ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம். எதிர்காலத்திற்கு ஆங்கிலேயனும் போதலையே துணைக்கழைக்கிறான். பிரெஞ்சுக்காரனும் அப்படியே. நம் முகம் சிவந்து ‘போகிறது’. அவன் முகமும் ‘போகிறது’ சிவப்பாக. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. நடந்து போகும் மனிதன் எங்கும் ஒருவன்தானே!

நமக்கு மெய்யான உறவுகள் இல்லாமலா இப்படி அலைகிறோம்? விடுதியில் அடுத்த அறைக் கன்னட நண்பனைக் கேளுங்கள். நம் ‘போ’ அவனுக்கு ‘ஹோகு’, பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’. முதலில் நின்ற பகரம் வரிசையாக ஹகரமாகிவிட்டது. பழங்கன்னடத்தில் அங்கேயும் பகரமே இருந்தது. கைதட்டுவதானால் இதற்கன்றோ தட்டவேண்டும்! தென்மொழிகளின் இந்த உறவை எல்லிஸ் 1816இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் இலக்கணமாகவே எழுதினார். பர்ரோவும் எமனோவும் 1961இல் சொற்பிறப்பு அகராதியாகத் தொகுத்தனர். பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழி வரை நீளும் அந்தச் சுற்றத்தை விட்டுவிட்டு, இலண்டனில் பொய்ச் சுற்றம் தேடுவது எனக்கு நாணமாக இருக்கிறது. இட்டுக்கட்டிய பத்துச் சொற்களைக் கேட்ட வேற்றுமொழி மாணவன், நாம் மெய்யாகச் சொல்லும் பதினோராவதையும் நம்பமாட்டான்.

அடுத்த கூட்டத்திற்கு அந்த அகராதியில் நான்கு பக்கமேனும் படித்து வாருங்கள். தெலுங்கு, கன்னட, மலையாள நண்பர்களையும் அழைப்போம். ‘போ’விலிருந்தே தொடங்கலாம்.