ஆறடிக் கயிறும் இருபதாயிரம் டாலரும்

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 15 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு குட்டிக் குளம் கட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதித்து நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். திரும்பி நாலு கை போட்டால் புறப்பட்ட சுவர். இதில் என்னத்தை நீந்துவது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அங்கே பெரிய வியாபாரமே நடக்கிறது. நீந்துபவர் நகர வேண்டாம், தண்ணீரை நகர்த்தித் தருகிறோம் என்கிறார்கள். விளம்பரப் படத்தில் ஒரு பெண்மணி நுரைக்கு நடுவே சிரித்தபடி கை போட்டுக்கொண்டிருப்பார். (நீந்தும்போது எப்படிச் சிரிக்க முடியும் என்றெல்லாம் கேட்கக் கூடாது!) இனிமேல் பொதுக்குளம் வேண்டாம், லேனுக்குச் சண்டை வேண்டாம், வீட்டிலேயே முடிவில்லாமல் நீந்தலாம் என்பது அந்தப் படம் சொல்லும் சேதி.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இருபதாயிரம் டாலர்.

நின்ற இடத்திலேயே நீந்த மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, இடுப்பில் பட்டை கட்டி, அதிலிருந்து ரப்பர் கயிறு ஒன்றைக் கரையில் கட்டிக்கொள்வது. சில பத்து டாலரில் கிடைக்கும், கம்பம் வைத்த நல்ல வகைக்குச் சில நூறு ஆகும். இரண்டு, சுவரில் பதித்த ஜெட். பம்பு தண்ணீரை உறிஞ்சிச் சின்ன வாய் வழியாகப் பீய்ச்சும். சுடுநீர்த் தொட்டியை நீட்டி 'ஸ்விம் ஸ்பா' என்று விற்பதில் பெரும்பாலானவை இந்த ரகம். மூன்று, பெரிய விசிறி வைத்துத் தண்ணீரை மொத்தமாகத் தள்ளும் இயந்திரம். கயிறு பிச்சைக்காரன் வேலை, ஜெட் நடுத்தரம், விசிறி ராஜபோகம் என்றுதான் கடைக்காரர் வரிசைப்படுத்துவார். அந்த வரிசை தப்பு. நடுவில் இருக்கிறதே ஜெட், அதுதான் கடைசியில் நிற்க வேண்டியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 100 மீட்டரை 1 நிமிடம் 40 விநாடியில் நீந்துபவரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். சுமாராக நீந்தத் தெரிந்தவரின் வேகம்தான், ஒலிம்பிக் எல்லாம் இல்லை. அவர் ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் எதிரே வரும் நீரும் அதே வேகத்தில் வர வேண்டும். அதுவும் மூக்குக்கு நேராக மட்டும் வந்தால் போதாது. இரண்டு கையும் வீசும் அகலத்துக்கு, உள்ளே இழுக்கும் ஆழத்துக்கு வர வேண்டும். கஞ்சத்தனமாக 80 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம் என்று வைத்தாலும் விநாடிக்கு 320 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டி மூன்றே விநாடியில் காலி! நிமிடத்துக்கு 19,000 லிட்டருக்கு மேல். வேகத்தை ஒன்றரை மடங்காக்கினால் நீரின் அளவு ஒன்றரை மடங்குதான் ஆகும், ஆனால் அதைத் தள்ளத் தேவையான சக்தி ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஆகிவிடும். வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறுகிற சமாச்சாரம் அது.

ஜெட் இவ்வளவு நீரைத் தள்ளுவதில்லை. கொஞ்ச நீரை மிக வேகமாகப் பீய்ச்சுகிறது. அது வெளியே வந்ததும் சுற்றியிருக்கும் நீரையும் இழுத்துக்கொண்டு விரியும், விரிய விரிய வேகம் குறையும். விளைவு என்ன? நடுவில் ஒரு முரட்டு ஓட்டம், இரண்டு பக்கமும் சுழல். நீந்துபவரின் நெற்றியில் ஒருவர் ஹோஸ் பைப் பிடித்து அடிப்பது போல இருக்கும். கைகள் இழுப்பதோ ஓரத்தில் இருக்கும் மந்தமான நீரை. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கினால் ஓட்டம் தோளைத் தள்ளிச் சுவரில் மோத வைக்கும். போதாக்குறைக்குக் காற்றுக் குமிழி வேறு கலந்து விடுவார்கள். முதுகு வலிக்கு அது சுகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் குமிழி நிறைந்த நீரில் கைக்குப் பிடிமானம் குறையும். மசாஜ் தொட்டியை மசாஜ் தொட்டி என்று விற்றால் யாருக்கும் கோபம் வராது. அதற்கு 'நீச்சல்' என்று பெயர் வைத்துப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கறப்பதுதான் தலையில் மிளகாய் அரைக்கிற வேலை.

விசிறி இயந்திரத்தை இப்படிச் சொல்ல முடியாது. அதற்கு யோக்கியமான பரம்பரை உண்டு. ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகர உடலியல் ஆய்வாளர் ஓஸ்ட்ராண்ட், எங்லெசன் என்பவரோடு சேர்ந்து தங்களுடைய நீரோட்டத் தொட்டியைப் பற்றி 1972-ல் ஆய்விதழில் எழுதினார். ஓடுபவருக்கு டிரெட்மில் போல நீந்துபவருக்கு ஒரு தொட்டி. ஒரே இடத்தில் நீந்தினால்தானே மூச்சைப் பிடித்து அளக்க முடியும்? இந்த மாதிரித் தொட்டியை வீட்டுக்குத் தகுந்தாற்போல் சுருக்கி விற்ற 'எண்ட்லெஸ் பூல்ஸ்' நிறுவனம் 1988-ல் பென்சில்வேனியாவில் தொடங்கியது. விசிறி தள்ளும் நீரைத் தடுப்புகள் வழியாக விட்டு, சுழலைக் குறைத்து, சீரான ஓட்டமாக அனுப்புவது அதன் உத்தி. நீர் நின்று மனிதர் போனாலும், மனிதர் நின்று நீர் போனாலும், ஓட்டம் சீராக இருக்கும் வரை உடம்புக்கு ஒன்றுதான். இயற்பியல் அப்படி.

சந்தேகம் இருந்தால் யான் ஃப்ரோடெனோவைக் கேட்கலாம். 2008 ஒலிம்பிக்கில் டிரையத்லான் தங்கம் வென்ற ஜெர்மானியர். 2020 ஏப்ரலில் ஸ்பெயின் ஊரடங்கில் கிடந்தபோது ஜிரோனாவில் இருந்த தன் வீட்டிலேயே முழு அயர்ன்மேன் தூரத்தையும் முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல் வீட்டுக் குளத்தின் எதிர்நீரோட்டத்தில், 180 கிலோமீட்டர் சைக்கிள் நின்ற இடத்தில், மாரத்தான் டிரெட்மில்லில். எட்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆனது, இரண்டு லட்சம் யூரோவுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. 'அதெல்லாம் நீச்சலே இல்லை' என்று அவரிடம் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் விளம்பரம் சாமர்த்தியமாக மறைக்கும் இடம் இதுதான். ஃப்ரோடெனோ அந்தத் தொட்டியில் நீச்சல் கற்றுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே கற்றதை அங்கே கொண்டுபோய்ச் செலவழித்தார். ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவருக்கு வேண்டியது எதிர்ப்பு மட்டும்தான், கை இழுக்க ஏதோ ஒன்று பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்த எதிர்ப்பை ஆறடி ரப்பர் கயிறும் கொடுக்கும்.

இங்கேதான் கேலி ஆரம்பிக்கும். 'கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதே!' இருக்கட்டுமே. போட்டி நீச்சல் பயிற்சியாளர்கள் காலங்காலமாக வீரர்களைக் கயிற்றில் கட்டி நீந்த விடுகிறார்கள். ஆய்வாளர்களும் கை இழுப்பின் பலத்தை அளக்கக் கயிற்றைத்தான் கட்டுகிறார்கள். கயிற்றில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நீர் உடம்பை ஒட்டிப் பாய்வதில்லை, அதனால் கால் தாழும். முன்னேறி நீந்தும்போது தலைக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழும்பி, வாய்ப் பக்கம் ஒரு பள்ளம் விழும், மூச்செடுப்பது அந்தப் பள்ளத்தில்தான். கட்டிப்போட்டால் அலையும் இல்லை, பள்ளமும் இல்லை, தலையைக் கூடக் கொஞ்சம் திருப்ப வேண்டும். புதிதாகக் கட்டுபவர் இரண்டு மடக்கு குடிப்பார் :-) கயிற்றின் மறுமுனையை நீர்மட்டத்துக்கு மேலே கம்பத்தில் கட்டினால் இடுப்பு கொஞ்சம் தூக்கிக் கிடக்கும், காலுக்கு நடுவே மிதவையை இடுக்கிக்கொண்டால் காலும் தாழாது. கணுக்காலில் கட்டும் வகையை மட்டும் வாங்கக் கூடாது, கால் அடிப்பதையே கெடுத்துவிடும். இத்தனை குறையையும் சேர்த்துப் பார்த்தாலும், இதயமும் நுரையீரலும் தோளும் செய்யும் வேலை வேலைதான். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, பழுதுபார்க்க ஆள் இல்லை. அதைவிட முக்கியம், கயிறு பொய் சொல்வதில்லை. 'நான் கயிறு, உன்னைப் பிடித்து வைத்திருக்கிறேன்' என்பதற்கு மேல் அது எதையும் சொல்லிக்கொள்வதில்லை.

இயந்திரம் சொல்லிக்கொள்கிறது. பொதுக்குளமே வேண்டாம் என்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களும் இதிலேயே நீந்தட்டும் என்று பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நீரில் ஒருவர் பிழைக்கத் தெரிந்தவரா என்று பார்க்க ஐந்து காரியங்கள் வைத்திருக்கிறது. தலை மூழ்கும் நீரில் இறங்குவது. மேலே வந்து ஒரு நிமிடம் மிதப்பது. முழுச் சுற்றுத் திரும்பி வெளியேறும் வழியைக் கண்டுபிடிப்பது. அதை நோக்கி 25 கஜம் நீந்துவது. ஏணி இல்லாமல் கரையேறுவது. சராசரி ஸ்விம் ஸ்பாவில் முதல் காரியமே நடக்காது, வளர்ந்த ஆளுக்கு நெஞ்சளவுதான் நீர். 25 கஜம் என்பது 75 அடி, தொட்டியோ 15 அடி. வழி தேடவும் அவசியம் இல்லை, கையை நீட்டினால் சுவர். அந்தக் குழந்தை மோட்டார் போட்டு அரை மணி நேரம் கை போடும். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு ஒரு நாள் ஏரிக்கரைக்குப் போகும். நீந்துவது என்பது இங்கிருந்து அங்கே போய்ச் சேர்வது என்ற அடிப்படை விஷயத்தையே அந்தத் தொட்டி சொல்லித் தந்திருக்காது. கயிறும் சொல்லித் தராதுதான். ஆனால் கயிற்றை நம்பிப் பிள்ளையின் நீச்சல் வகுப்பை யாரும் நிறுத்துவதில்லையே!

'பொதுக்குளம் வேண்டாம்' என்ற வாக்கியத்துக்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான வரலாறும் உண்டு. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரம் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாகப் பொதுக்குளங்கள் நடத்தியது. சேர்த்து நடத்த வேண்டும் என்ற நிலை வந்ததும் கறுப்பரோடு சேர்ந்து குளிப்பதைவிடக் குளமே வேண்டாம் என்று மூடிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1971-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் மூடியது செல்லும் என்று தீர்ப்பானது. இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்த காலத்தில் பல ஊர்களிலும் வசதியுள்ளவர்கள் தனியார் கிளப்புக்கும் கொல்லைப்புறக் குளத்துக்கும் நகர்ந்துகொண்டார்கள், பொதுக்குளங்கள் கவனிப்பாரற்றுப் போயின. நீந்தக் கற்க இடமே இல்லாமல் போனது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று குட்டிக் குளம் வாங்குபவர் இனவெறியர் என்று பொருள் இல்லை, பாவம், அவருக்கு வேண்டியது கொஞ்சம் தனிமை. ஆனால் பக்கத்து லேனில் யாரும் இல்லாததையே பெரிய சுகமாக விற்கும்போது, அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது என்பதும் நினைவில் இருப்பது நல்லது.

இன்னொன்றையும் விற்பவர் சொல்ல மாட்டார். நீரைப் பீய்ச்சும் பம்பு எங்கிருந்தோ உறிஞ்ச வேண்டும். 2002-ல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி, சுடுநீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். அவள் பெயரிலேயே 2007 டிசம்பரில் சட்டம் வந்து, வடிகால் மூடிகளுக்குப் பாதுகாப்பு விதி கட்டாயமானது. ஆனால் அந்த மூடி விரிசல் விட்டிருக்கிறதா, திருகு கழன்றிருக்கிறதா என்று கொல்லைப்புறத்துக்கு வந்து பார்க்கப்போவது யார்? வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

யாருமே விசிறி இயந்திரம் வாங்கக் கூடாதா? மூட்டு தேய்ந்தவர், விபத்துக்குப் பின் மெல்ல மெல்ல உடம்பைத் தேற்றுபவர், தினமும் குளத்துக்குப் போய்வர முடியாதவர், கையில் தாராளமாகக் காசும் வைத்திருந்தால் வாங்கலாம். ஆனால் நீச்சலுடையோடு கடைக்குப் போய், குறைந்தது இருபது நிமிடம் நீந்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். கை இரண்டும் ஓட்டத்துக்குள் இருக்கிறதா, அதிக வேகத்தில் உடம்பு பக்கவாட்டில் அலைகிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரியாது. நீந்திப் பார்க்க விடாத கடையில் விலையைக்கூடக் கேட்க வேண்டாம்.

மற்றவர்கள் முதலில் கயிற்றை வாங்கி மூன்று மாதம் நீந்திப் பார்க்கட்டும். சலித்துப் போனால் நஷ்டம் ஐம்பது டாலர், அதே சலிப்பு இருபதாயிரம் டாலர் தொட்டியிலும் வந்திருக்கும். கயிறு வாங்கும்போது கவனிக்க வேண்டியது இரண்டு: கட்டும் கம்பமோ கொக்கியோ பெரிய ஆள் இழுத்தாலும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது, இடுப்புப் பட்டையின் கொக்கியைத் தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் கழற்ற முடிய வேண்டும். நீந்தி முடித்ததும் கயிற்றைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும், குழந்தைகள் கைக்கு அகப்படக் கூடாது.